பரசிட்டமோலுக்கு அடங்காத காய்ச்சல்: தலையில் அடிபட்ட பிள்ளை, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

மட்டுவில் அம்மா
சித்திரை 18, இரவு 9.20

என் மகனுக்கு ஆறு வயது. தை மாதத் தொடக்கத்தில் தகப்பனுடன் மோட்டார் சைக்கிளில் வரும்போது விழுந்து தலையில் பலமாக அடிபட்டுவிட்டது. பதினொரு நாள் அதிதீவிர சிகிச்சைப் பிரிவு, பிறகு ஏழு கிழமை விடுதி. பங்குனி நடுப்பகுதியில் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். இன்னும் பேசவில்லை. பாலும் கஞ்சியும் மருந்தும் மூக்குக் குழாய் வழியாகத்தான்.

ஐந்து நாளாகப் பின்னேரமானால் காய்ச்சல். நாலு மணிக்கு உடம்பு சுடத் தொடங்கி ஆறு மணிக்கு 102, 102.5 பரனைட் வரை போகிறது. முகம் சிவந்து, நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை முத்து முத்தாக நிற்கும். இரண்டு கைகளும் நெஞ்சுப் பக்கம் மடங்கி விறைக்கும். நெஞ்சில் கை வைத்தால் பிடிபட்ட குருவியின் நெஞ்சு போல அடிக்கும். முக்கால் மணி நேரத்தில் தானாகவே அடங்கிவிடும். நடு இரவில் மறுபடியும் வரும்.

பரசிட்டமோல் பாணியை முதலில் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கொடுத்தேன். காய்ச்சல் அசையவேயில்லை. அதனால் மூன்று நாளாக நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, 12.5 மில்லிலீற்றர் கொடுக்கிறேன். பிள்ளையின் நிறை 18 கிலோ. அருகில் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் காட்டினோம். அன்ரிபயோட்டிக் எழுதித் தந்தார்கள். அதற்கும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது புரொப்பிரனலோல், பக்லோபன் என்று இரண்டு குளிசைகள் தந்தார்கள். எதற்கென்று கேட்டேன். மூளைக்கு என்றார்கள், அதற்குமேல் விளக்கம் இல்லை. புரொப்பிரனலோல் பெட்டிக்குள் இருந்த துண்டில் இருதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மருந்து என்று இருந்ததை என் தம்பி வாசித்துக் காட்டினான். அன்றிலிருந்து மாமிக்கு ஒரே பயம். இருதயம் நன்றாக இருக்கும் பிள்ளைக்கு எதற்கு இருதய மருந்து, அதனால்தான் காய்ச்சல் வருகிறது, நிறுத்து என்கிறார். நிறுத்திப் பார்க்கலாமா?


சுன்னாகம் மருந்தாளர்
சித்திரை 18, இரவு 9.41

அம்மா, மற்றக் கேள்விகளுக்குப் பிறகு வருகிறேன். முதலில் இதை வாசியுங்கள்.

இங்கே கிடைக்கும் பரசிட்டமோல் பாணி பெரும்பாலும் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம். 12.5 மில்லிலீற்றரில் 300 மில்லிகிராம் இருக்கும். நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்றால் நாளுக்கு ஆறு தடவை, 1,800 மில்லிகிராம். 18 கிலோப் பிள்ளைக்கு அது கிலோவுக்கு 100 மில்லிகிராம். ஒரு நாளில் கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உங்கள் பிள்ளைக்கு 1,080 தான் எல்லை. நீங்கள் மூன்று நாளாக அதை வெகுவாகத் தாண்டியிருக்கிறீர்கள். ஈரல் பாதிக்கப்பட்டால் தொடக்கத்தில் வெளியே ஒன்றும் தெரியாது.

பரசிட்டமோலின் அடுத்த வேளையைக் கொடுக்க வேண்டாம். விடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். இன்றிரவே அரச வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். பாணிப் போத்தல், குளிசைகள், கிளினிக் கொப்பி மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸ், அது இலவசம்.

புரொப்பிரனலோலையும் பக்லோபனையும் நிறுத்த வேண்டாம். அடுத்த வேளையை நேரத்துக்குக் கொடுங்கள்.


மட்டுவில் அம்மா
சித்திரை 18, இரவு 9.52

வாசித்தவுடன் கை நடுங்கிவிட்டது. புறப்படுகிறோம்.


கோப்பாய் தாதி
சித்திரை 19, காலை 6.15

தங்கச்சி, பிள்ளையுடன் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் முப்பத்தொரு வருடம் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள். அதில் பாதிக் காலம் சிறுவர் விடுதியில். நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை கொதிக்கும்போது தாயின் கை மருந்துப் போத்தலைத்தான் தேடும். இந்த மருந்து எதற்கு, இந்தக் காய்ச்சல் எந்த வகை என்று வீட்டுக்கு அனுப்பும்போது பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடம் கிடைக்காத தாய்மாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் சில வேளைகளில் அதைக் கொடுக்கத் தவறியிருக்கிறேன்.

நீங்கள் சொன்ன அடையாளங்களைப் பாருங்கள். காய்ச்சல் தனியாக வரவில்லை. வியர்வை, நெஞ்சுத் துடிப்பு, கை விறைப்பு, முகச் சிவப்பு எல்லாம் சேர்ந்து வந்து, சேர்ந்தே போகின்றன. தலையில் பலமாக அடிபட்ட பிள்ளைகளில் இதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இது அந்த வகைதான் என்று நானும் சொல்ல முடியாது, நீங்களும் முடிவெடுக்கக் கூடாது. கிருமி இல்லை என்று பரிசோதித்து உறுதிப்படுத்திய பிறகுதான் அந்தப் பெயரை வைக்கலாம். சிறுநீர், இரத்தம், நெஞ்சு எக்ஸ்ரே மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மூக்குக் குழாய் உள்ள பிள்ளைக்குப் பால் நெஞ்சுக்குள் போய்ச் சளி பிடிப்பது சாதாரணம்.


பயிற்சி வைத்தியர்
சித்திரை 19, பகல் 1.05

மாமி கேட்ட கேள்வி நியாயமானது. இருதயம் நன்றாக இருக்கும் பிள்ளைக்கு எதற்கு அந்த மருந்து? இதற்குப் பதில் தெரிந்தால் பரசிட்டமோல் ஏன் கேட்கவில்லை என்பதும் விளங்கும்.

மூளையின் அடியில் ஹைப்போதலமஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. உடம்பு எவ்வளவு சூட்டில் இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான். கிருமி உள்ளே வந்தால் நோய் எதிர்ப்புக் கலங்கள் சில பொருட்களைச் சுரக்கும். அவற்றின் தூண்டலால் மூளையில் புரொஸ்டகிளாண்டின் ஈ2 உண்டாகும். அது ஹைப்போதலமஸிடம் "37 போதாது, 39 ஆக்கு" என்று சொல்லும். பிள்ளை குளிரில் நடுங்கிப் போர்வையை இழுப்பது அதனால்தான். பரசிட்டமோல் அந்தப் புரொஸ்டகிளாண்டின் உருவாவதைக் குறைக்கிறது. கட்டளை நின்றவுடன் வியர்த்து, சூடு இறங்குகிறது.

மூளை அடிபட்டதால் வரும் சூட்டில் இந்தக் கட்டளையே பெரும்பாலும் இல்லை. இல்லாததைத் தடுக்க மருந்து கொடுத்து என்ன பயன்? இரண்டு மடங்கு கொடுத்தாலும் சூடு இறங்காது, ஈரல்தான் பழுதாகும்.

இதில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஹைப்போதலமஸ் பகுதியே பாதிக்கப்பட்டு, இரவு பகல் வித்தியாசமில்லாமல் சூடு ஒரே உயரத்தில் நிற்பது ஒன்று. அதில் வியர்வை குறைவாக இருக்கும், சூட்டுக்கு ஏற்ற அளவுக்கு நாடித்துடிப்பும் ஏறாது. மற்றது நீங்கள் எழுதியதைப் போல வந்து வந்து போவது. மேல்மூளையின் கட்டுப்பாடு அறுந்துபோனதால், ஆபத்து நேரத்தில் உடம்பை உசுப்பிவிடும் பரிவு நரம்புத் தொகுதி கடிவாளம் அறுந்த குதிரையாக ஓடுகிறது. அட்ரினலின் பொங்குகிறது. நாடி, மூச்சு, இரத்த அழுத்தம், வியர்வை, தசை விறைப்பு, சூடு எல்லாம் ஒன்றாக ஏறும். 1929 இல் வில்டர் பென்ஃபீல்ட் என்ற நரம்புச் சத்திரசிகிச்சை நிபுணர் இதை ஒருவகை வலிப்பு என்று நினைத்தார். வலிப்பு மருந்துகள் இதைக் கட்டுப்படுத்தவில்லை என்பது பிறகு தெரிந்தது. ஒரே நோய்க்குப் பல பெயர்கள் வழங்கிக் குழம்பிக் கிடந்ததை 2014 இல்தான் பன்னாட்டு நிபுணர்கள் ஒன்றுகூடி ஒரே பெயருக்குக் கொண்டுவந்தார்கள். தமிழில் அதைப் பரிவு நரம்பின் திடீர் மிகையியக்கம் என்று சொல்லலாம்.

இனி மாமிக்கு: புரொப்பிரனலோல் அந்த அட்ரினலினின் வேலையைத் தடுக்கிறது. கொழுப்பில் கரையும் மருந்து என்பதால் மூளைக்குள்ளும் போகும். இருதயத்தின் ஓட்டமும் குறையும், உடம்பின் எரிப்பும் குறையும், சூடும் இறங்கும். இருதய வருத்தத்துக்காகத் தரவில்லை. பக்லோபன் முள்ளந்தண்டு மட்டத்தில் தசை விறைப்பைத் தளர்த்துகிறது. விறைப்பே சூட்டை உண்டாக்கும் ஒரு அடுப்பு. அதையும் அணைக்க வேண்டும்.

சூடு ஒரு பாகை செல்சியஸ் ஏறினால் உடம்பின் எரிபொருள் தேவை ஏறத்தாழ 10 வீதம் ஏறுகிறது. காயப்பட்ட மூளைக்கு அது பெரும் சுமை. இந்தப் பிள்ளைகள் கொடுக்கக் கொடுக்க மெலிவதும் இதனால்தான். எனவே தானாக அடங்கிவிடுகிறதே என்று விட்டுவிடவும் கூடாது.


கொக்குவில் தகப்பன்
சித்திரை 19, இரவு 10.30

இதைப்பற்றி நான் எங்கேயும் எழுதியதில்லை. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் மகள் நாலு வயதில் எங்கள் வளவுக் கிணற்றில் விழுந்தாள். கட்டு இருந்தது, ஆனால் துலாப் பக்கம் தாழ்வாக இருந்தது. எடுத்தபோது மூச்சு இல்லை. பக்கத்து வீட்டுப் பொடியன் நெஞ்சை அழுத்தி உயிரைக் கொண்டுவந்தான். மூளைக்குக் காற்றுப் போகாமல் எவ்வளவு நேரம் இருந்தாள் என்று ஒருவருக்கும் தெரியாது.

பத்தாம் நாளிலிருந்து காய்ச்சல். 40 பாகை செல்சியஸ். நாளுக்கு எட்டு, ஒன்பது தடவை. உடம்பு வில்லாக வளையும். படுக்கை விரிப்பைப் பிழிந்தால் தண்ணீர் வரும், அவ்வளவு வியர்வை. இரண்டு கிழமை அன்ரிபயோட்டிக் மாறி மாறி ஏறியது. எடுத்த இரத்தம், சிறுநீர், முதுகுத் தண்ணீர் எதிலும் கிருமி இல்லை. பிறகு ஒரு வைத்திய நிபுணர் என்னை வெளியே வாங்கில் உட்காரவைத்து, இது மூளையிலிருந்து வரும் சூடு என்றார். அன்றுதான் எனக்கு ஏதோ ஒன்று விளங்கியது.

சிகிச்சைப் பிரிவில் முதலில் மோர்பினும் மிடசோலமும் கொடுத்துத் தாக்குதலை நிறுத்தினார்கள். குளோனிடின் சேர்த்தார்கள். புரொப்பிரனலோல் தொடங்கியபோது நாடி மிகவும் இறங்கியதால் அளவைக் கூட்ட முடியவில்லை. அதற்குப் பிறகுதான் புரோமோகிரிப்டின். வெளியே வாங்கிவரச் சொன்னார்கள். கடையில் துண்டைப் பார்த்துவிட்டு, தாய்க்கா, பால் நிற்பதற்கா என்று கேட்டார்கள். பால் சுரப்பை நிறுத்தவும் பாக்கின்சன் நோய்க்கும் கொடுக்கும் மருந்தாம். மூளையில் டோப்பமின் செய்யும் வேலையைச் செய்கிறது, சூட்டுக் கட்டுப்பாட்டுக்கு அது உதவும் என்று பிறகு விளங்கப்படுத்தினார்கள். முதல் இரண்டு நாளும் வாந்தி எடுத்தாள், இரத்த அழுத்தமும் இறங்கியது. அளவைக் குறைத்து, மெல்ல மெல்ல ஏற்றினார்கள். அரைத் துணி மாற்றத் தொட்டாலே தாக்குதல் வந்தது. அதற்காகக் கபபென்டின் சேர்த்தார்கள். தொடுவதைக்கூட மூளை வலியாக எடுத்துக்கொள்கிறதாம், அதைத் தணிக்கும் மருந்து. ஐந்தாவது கிழமையில் நாளுக்கு இரண்டு தடவையாகக் குறைந்தது.

அக்கா, நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் நிறுத்திப் பார்த்தவன். வேண்டுமென்று செய்யவில்லை. வீட்டுக்கு வந்து நாலு மாதம் கழித்து முல்லைத்தீவில் ஒரு செத்தவீட்டுக்குப் போனோம். மருந்துப் பை சாமி அறை மேசையிலேயே கிடந்துவிட்டது. பாதி வழியில் ஞாபகம் வந்தது. இரண்டு நாள்தானே, நன்றாகத்தானே இருக்கிறாள் என்று நினைத்தேன். பக்லோபன் நின்று இரண்டாவது இரவு மகள் பலகை போல விறைத்தாள். 104 பரனைட். வாழ்நாளில் முதல் தடவையாக வலிப்பும் வந்தது. அந்த ஊர் வைத்தியசாலையில் கிளினிக் கொப்பியைப் பார்த்த வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, பக்லோபன் எப்போது கடைசியாகக் கொடுத்தீர்கள் என்பதுதான். அதைச் சட்டென்று நிறுத்தினால் காய்ச்சலும் விறைப்பும் வலிப்பும் வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.

இப்போது மருந்து மூன்று இடத்தில் இருக்கிறது. வீட்டில், என் பையில், மனைவியின் தாய் வீட்டில்.


அளவெட்டி ஐயா
சித்திரை 20, காலை 8.10

எல்லாரும் மூளைக் காய்ச்சலைப்பற்றித்தானே பேசுகிறீர்கள்? எங்கள் காலத்தில் நெற்றியில் ஐஸ் வைத்து, பற்பாடகமும் வேப்பம்பட்டையும் அவித்துக் கொடுப்போம். காய்ச்சல் மூன்று நாளில் இறங்கிவிடும். இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவு இரசாயனம் தேவையா என்று மனம் பதறுகிறது. தவறாக எடுக்க வேண்டாம்.


கோப்பாய் தாதி
சித்திரை 20, காலை 9.00

ஐயா, உங்கள் பதற்றம் விளங்குகிறது. தவறாக எடுக்கவில்லை. ஆனால் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும், ஏனென்றால் இந்தப் பெயர்க் குழப்பத்தால் பிள்ளைகள் பிழைக்காமல் போயிருக்கிறார்கள். மூளைக் காய்ச்சல் என்று நாம் சொல்வது கிருமியால் மூளையோ மூளை உறையோ அழல்வது. கழுத்து விறைப்பு, வாந்தி, தலையிடி, மயக்கம் வரும். அதற்கு அன்றே ஊசி மருந்து ஏற்ற வேண்டும். நாங்கள் இங்கே பேசுவது ஏற்கெனவே மூளையில் காயம் உள்ள பிள்ளைக்குக் கிருமி இல்லாமல் வரும் சூடு. இரண்டும் வேறு.

ஐஸ் வேண்டாம். தோல் சட்டென்று குளிர்ந்தால் இரத்தக் குழாய்கள் சுருங்கிச் சூடு உள்ளேயே அடைபடும். பிள்ளை நடுங்கும், நடுக்கம் இன்னும் சூட்டை உண்டாக்கும். அந்த அதிர்ச்சியே தாக்குதலைக் கிளப்பும். சட்டையைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் கழுத்து, கமக்கட்டு, தொடை இடுக்கு மூன்றையும் துடைத்து, காற்றாடியை மெல்லப் போடுங்கள். மின்சாரம் இல்லையென்றால் பனையோலை விசிறி. சாதாரணக் காய்ச்சலில் உடம்பு குளிர்த்தலை எதிர்த்து நிற்கும். இந்த வகையில் எதிர்க்க ஆள் இல்லை, அதனால் வெளிக் குளிர்த்தல் நன்றாக வேலை செய்யும்.

கசாயத்தைக் குழாய் வழியாகக் கொடுக்காதீர்கள் ஐயா. வண்டல் குழாயை அடைக்கும். இந்த மருந்துகளுடன் அது எப்படிச் சேரும் என்பதும் நமக்குத் தெரியாது.

தங்கச்சி, தாக்குதல் வந்தால் முதலில் பிள்ளையை மேலிருந்து கீழாகப் பாருங்கள். சிறுநீர் கட்டி அடிவயிறு கல்லாக இருக்கிறதா? எத்தனை நாளாக மலம் போகவில்லை? அரைத் துணி நனைந்திருக்கிறதா? முதுகுக்குக் கீழே விரிப்பு மடிந்திருக்கிறதா? படுக்கைப் புண்? தொண்டையில் சளி? ஒரு பெண் பிள்ளைக்கு ஒவ்வொரு இரவும் 11 மணிக்குத் தாக்குதல் வந்தது. மருந்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். கடைசியில் பார்த்தால் காலை நேராக வைக்கக் கட்டிய மட்டையின் பட்டி குதிக்காலை அறுத்துக்கொண்டிருந்தது. வாய் பேச முடியாத பிள்ளைக்கு அதுதான் அழுகை.


பருத்தித்துறை தாய்
சித்திரை 20, பின்னேரம் 4.45

நான் வேறொரு காய்ச்சலைச் சொல்லவேண்டும். என் மகனுக்கு வலிப்பு. மருந்தை டோபிராமேற்றுக்கு மாற்றினார்கள். வலிப்பு நன்றாகக் குறைந்தது. போன சித்திரையில் ஒவ்வொரு நாளும் மத்தியானம் 101, 102. இரவில் ஒன்றுமில்லை. எங்கள் வீடு சீற் கூரை. டெங்கு பார்த்தோம், நெருப்புக் காய்ச்சல் பார்த்தோம், எதுவும் இல்லை. ஒருநாள் என் தாயார் அவனுடைய முதுகைத் தடவிவிட்டு, இந்த வெயிலில் எங்களுக்கு ஊற்றுகிறது, இவனுக்கு ஒரு சொட்டு வியர்வை இல்லையே என்றார். அதை கிளினிக்கில் சொன்னேன். அந்த மருந்து சில பிள்ளைகளுக்கு வியர்வையைக் குறைக்கும் என்றார்கள். வலிப்பு வராதபடி மெதுவாக மருந்தை மாற்றினார்கள். சூடு போய்விட்டது.


சுன்னாகம் மருந்தாளர்
சித்திரை 20, இரவு 8.20

அக்கா, உங்கள் தாயாரின் கண்ணுக்குத் தலை வணங்குகிறேன். சொனிசமைட் என்ற வலிப்பு மருந்தும் அப்படித்தான். கை கால் முறுக்கலுக்குத் தரும் பென்செக்சோல், எச்சில் வடிவதைக் குறைக்கத் தரும் மருந்துகள் ஆகியவையும் வியர்வையை அடைக்கும். பெனிற்றோயின் என்ற வலிப்பு மருந்து வேறு விதத்தில் காய்ச்சல் தரும். தொடங்கிச் சில கிழமைகளில் காய்ச்சலுடன் உடம்பெல்லாம் தடிப்பு வந்தால் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். மூளை வருத்தம் உள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கிருமி, மூளை, மருந்து மூன்றையும் சந்தேகிக்க வேண்டும்.

மற்ற மருந்துகளைப்பற்றியும் சிலர் தனியாகக் கேட்டிருந்தார்கள். குளோர்புரோமசின் என்ற மனநோய் மருந்து முன்னர் மூளையிலிருந்து வரும் இந்தச் சூட்டுக்கு நிறையக் கொடுக்கப்பட்டது. வலிப்பை எளிதாகக் கிளப்பும், சிலருக்கு அதுவே கடும் காய்ச்சலையும் விறைப்பையும் உண்டாக்கும். மூளைக் காயம் உள்ள பிள்ளையில் அதற்கு நான் அஞ்சுவேன். ஹலோபெரிடோலும் அப்படியே. டன்ட்ரோலின் தசைக்குள்ளேயே வேலை செய்து விறைப்பைக் குறைக்கும், ஆனால் ஈரலைக் கவனிக்க வேண்டும். புரோமோகிரிப்டின் எடுக்கும் பிள்ளைக்கு வாந்திக்கென்று மெட்டோகுளோப்பிரமைட் கொடுத்தால் ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கும். கொக்குவில் அண்ணாவின் மகளைப் போன்ற பிள்ளைகளின் வாந்திக்கு வைத்தியரைக் கேட்காமல் கடையில் எதுவும் வாங்காதீர்கள்.

புரொப்பிரனலோல் கொடுக்கும் வீட்டில் மூன்று விடயம். பிள்ளைக்கு எப்போதாவது மூச்சிழுப்பு (ஆஸ்துமா) இருந்ததா என்று வைத்தியரிடம் சொல்லியிருக்க வேண்டும். கொடுக்கும் முன்னர் நாடியை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள், எத்தனைக்குக் கீழே என்றால் கொடுக்கக் கூடாது என்பதை வைத்தியரிடம் கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள். பால் ஏறாத நாளில், வாந்தி எடுக்கும் நாளில் இரத்தத்தில் சீனி சட்டென்று இறங்கும். இருதயம் படபடத்து எச்சரிக்கும் அடையாளத்தையும் இந்த மருந்து மறைத்துவிடும்.


ரொறன்ரோ சித்தி
சித்திரை 21, காலை 5.30

நான் இந்தப் பிள்ளைக்குத் தாயின் தங்கை. இங்கே பிள்ளைகளுக்குக் காய்ச்சலென்றால் இபுபுரோபன்தான் உடனே கேட்கும். இரண்டு போத்தல் பொதியில் அனுப்பியிருக்கிறேன். பரசிட்டமோலுக்குப் பதிலாக அதைக் கொடுக்கலாம்தானே?


பயிற்சி வைத்தியர்
சித்திரை 21, காலை 7.15

கொடுக்க வேண்டாம் அக்கா. முதலாவது, அதுவும் புரொஸ்டகிளாண்டினைத்தான் தடுக்கிறது. பரசிட்டமோல் எதனால் கேட்கவில்லையோ அதே காரணத்தால் இதுவும் பெரிதாகக் கேட்காது. இரண்டாவது, யாழ்ப்பாணத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டெங்கு இல்லையென்று உறுதியாகும் வரை இபுபுரோபனும் அஸ்பிரினும் தொடக் கூடாது. இரத்தக்கசிவு கூடும். மாரி மழைக்குப் பிறகு விடுதிகள் எப்படி இருக்கும் என்று இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். நீங்கள் அனுப்ப விரும்பினால் நல்ல இலக்க வெப்பமானி ஒன்றும், விரலில் மாட்டி நாடி பார்க்கும் கருவி ஒன்றும் அனுப்புங்கள்.

இன்னொன்றையும் எல்லாரும் தெரிந்திருக்க வேண்டும். இந்த மருந்துகளைப் பிள்ளைகளில் ஒன்றுடன் ஒன்று ஒப்பிட்ட பெரிய ஆய்வுகள் இல்லை. தனித்தனிப் பிள்ளைகளின் அனுபவத்திலிருந்தும் பெரியவர்களின் சிகிச்சையிலிருந்தும்தான் தெரிவு நடக்கிறது. அதனால்தான் கொக்குவில் பிள்ளைக்கு ஒன்று, மட்டுவில் பிள்ளைக்கு இன்னொன்று. ஒருவருடைய அளவை இன்னொருவர் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டாம்.


மட்டுவில் அம்மா
சித்திரை 24, இரவு 8.00

வீட்டுக்கு வந்துவிட்டோம். அன்றிரவே இரத்தம் எடுத்தார்கள். ஈரல் நொதியங்கள் கொஞ்சம் ஏறியிருந்தன. பரசிட்டமோலின் நஞ்சை முறிக்கும் மருந்தைச் சேலைனுடன் ஏற்றினார்கள். நாலாம் நாள் இறங்கத் தொடங்கிவிட்டன. இன்னும் ஒரு கிழமையில் மறுபடி பார்க்க வேண்டும். மருந்தாளர் தம்பி, நீங்கள் அன்று இரவு அந்த நேரத்தில் இதைப் பார்த்திருக்காவிட்டால் நான் 10 மணிக்கு அடுத்த வேளையைக் கொடுத்திருப்பேன். அளந்து சிறிஞ்சில் எடுத்து வைத்திருந்தேன்.

சிறுநீரில் கிருமி இல்லை. நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம். இரத்தத்திலும் ஒன்றும் வளரவில்லை. தாக்குதல் ஒன்று வைத்தியரின் கண் முன்னாலேயே வந்தது. நாடி 168 வரை போனது. பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வீட்டுக்கு வந்தபின் பிள்ளையின் நிறை கூடியிருக்கிறது, மருந்தின் அளவு அப்படியே இருக்கிறது என்று சொல்லி, புரொப்பிரனலோலைச் சிறிது சிறிதாகக் கூட்டினார். மூன்று நாளாகப் பின்னேரச் சூடு 100 ஐத் தாண்டவில்லை. இந்த முறை எனக்கு எல்லாவற்றையும் விளக்கினார்கள். மாமியையும் கூட்டிப்போய்க் கேட்கவைத்தேன்.

தாதி அக்கா பார்க்கச் சொன்னவற்றை எழுதிவைக்க ஒரு கொப்பி தொடங்கிவிட்டேன். நேரம், சூடு, நாடி, வியர்வை, விறைப்பு, மலம், சிறுநீர், கொடுத்த மருந்து.


மட்டுவில் அம்மா
வைகாசி 29, இரவு 9.10

மறுபடியும் எழுதுகிறேன். போன கிழமை மகனுக்குக் காய்ச்சல் வந்தது. 101.5. பழையதுதான் வந்துவிட்டது என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக் கொப்பியை எடுத்தேன். பழைய பக்கங்களில் சூடு ஏறிய ஒவ்வொரு வரியிலும் வியர்வை, விறைப்பு இரண்டுக்கும் சரி அடையாளம் போட்டிருக்கிறது. அரை மணி, முக்கால் மணியில் முடிந்திருக்கிறது. அன்று காலையிலிருந்து மூன்று தடவை அளந்திருந்தேன். மூன்றிலும் சூடு அப்படியே நின்றது. விறைப்பு இல்லை, கை தளர்ந்து கிடந்தது. வியர்வைப் பெட்டி வெறுமை. மூச்சு மட்டும் வேகமாக, விலாவுக்குள் இழுத்து இழுத்து வந்தது.

கொப்பியையே காட்டினேன். வலது பக்க நெஞ்சில் சளி. ஐந்து நாள் ஊசி. பரசிட்டமோல் அளவாக, நாளுக்கு நாலு தடவைக்கு மேல் போகாமல் கொடுத்தார்கள். ஒரு மணித்தியாலத்தில் சூடு இறங்கியது. அது இறங்கியதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

கொக்குவில் அண்ணா, நானும் இப்போது மருந்தை இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன்.

மருந்தாளர் தம்பியிடம் ஒரு கேள்வி. பக்லோபன் குளிசையை அரைத்துக் கரைத்துக் கொடுக்கும்போது சில நாட்களில் குழாய் அடைத்துக்கொள்கிறது. எவ்வளவு போனது, எவ்வளவு நின்றது என்று தெரியவில்லை. என்ன செய்யலாம்?


சுன்னாகம் மருந்தாளர்
வைகாசி 29, இரவு 9.35

நல்ல கேள்வி அம்மா. பாதி மருந்து குழாயில் நின்றால் அதுவும் மருந்தைக் குறைத்தது போலத்தான். முதலில் ஆறவைத்த வெறும் தண்ணீரைச் சிறிஞ்சில் எடுத்துக் குழாயைக் கழுவுங்கள். குளிசையை மாவாக அரைத்து, 10 மில்லிலீற்றர் தண்ணீரில் துணிக்கை தெரியாமல் போகும்வரை கலக்கி உடனே கொடுங்கள். அதே சிறிஞ்சில் மறுபடி தண்ணீர் எடுத்து, ஒட்டியிருப்பதையும் சேர்த்து உள்ளே அனுப்புங்கள். பாலுடன் கலக்க வேண்டாம். இரண்டு குளிசைகளையும் ஒன்றாக அரைக்காமல் தனித்தனியே கொடுத்து, நடுவிலும் தண்ணீரால் கழுவுங்கள். ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு தண்ணீர் போகலாம் என்று கிளினிக்கில் கேளுங்கள். அப்படியும் அடைத்தால், அது எந்த வேளை என்பதைக் கொப்பியில் குறித்து, அன்றே விடுதிக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். நீங்களாக இன்னொரு குளிசை கொடுக்க வேண்டாம்.


மட்டுவில் அம்மா
வைகாசி 29, இரவு 9.48

சரி தம்பி. 10 மணி வேளைக்கு இப்போதே அப்படிச் செய்கிறேன். நாடி 96, சூடு 98.8.